பதினோரு பந்தும் ஒரு மடையும்

டிசம்பர் 1, திங்கள்
மழை: 18 மி.மீ.

ஓய்வுபெற்ற நாளிலிருந்து மொட்டைமாடியில் மழைமானி வைத்து, காலை எட்டரைக்கு அளந்து எழுதிவருகிறேன். முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக ஊரான் நிலத்தை அளந்தவன் நான். எதையாவது அளக்காவிட்டால் கை நமநமக்கிறது. எனக்கு நம்பிக்கை என்று ஒன்று உண்டென்றால் அது அளவுகோலின் மேல்தான். இதைச் சொன்னால் என் மனைவி பிரம்மசக்தி, "அப்ப எதுக்கு முருகன் படம் போட்ட காலண்டர்ல தேதி கிழிக்கிய?" என்கிறாள். காலண்டர் மளிகைக் கடைக்காரர் சும்மா கொடுத்தது. அதற்கு நான் என்ன செய்ய?

மாலையில் ஷட்டில் ஆட முடியவில்லை. கோர்ட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் பசுங்கிளி நகர் நலச்சங்கத் தலைவர் ஆவுடையப்பன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தண்ணி வடியவே மாட்டேங்குதே வே குத்தாலிங்கம்" என்றார். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தரையின் சரிவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சங்கச் செயலாளர் என்ற முறையில் கோர்ட்டை நின்று கட்டியவன் நான். சரிவு சரியாகவே இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்
மழை: 97 மி.மீ.

கீழ் வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் முப்பிடாதி டூட்டிக்குக் கிளம்பும்போது குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணாச்சி, குளம் மறுகால் விழுந்தா தண்ணி நம்ம காலனிக்குள்ள வந்துருமா?"

குளம் மேற்கே இருக்கிறது, அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் காலனிக்கு அடியில் மூடிபோட்ட ஓடை வழியாகப் போய், கிழக்குச் சுவருக்குக் கீழே உள்ள மடையில் புகுந்து வயலுக்குப் போய்விடும் என்று விளக்கினேன். "அம்பது வருசமா போற பாதை. நீ நிம்மதியா டூட்டிக்குப் போ" என்றேன். அவள் மகள் நிவேதா பன்னிரண்டாம் வகுப்பு. அவளையும் எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 3, புதன்
மழைமானியின் 200 மி.மீ.யும் நிரம்பி வழிந்துவிட்டது. அளக்க முடியவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறை.

விடிந்து பார்த்தால் தெருவைக் காணோம். குளம் மறுகால் விழுந்து தண்ணீர் காலனிக்குள் நிற்கிறது. முப்பிடாதியின் வீட்டில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். நிவேதாவை மாடிக்குக் கூட்டி வந்துவிட்டோம். அந்தப் பெண் ஒரு பை நிறையப் புத்தகத்தை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மீதியெல்லாம் கீழே மிதக்கிறது. என் ஸ்கூட்டரின் கண்ணாடி மட்டும் வெளியே தெரிகிறது.

பத்து மணிக்கு முப்பிடாதி வந்து சேர்ந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கீழே இறங்கி, மிதந்துகொண்டிருந்த அரிசி வாளியைப் பிடித்து இழுத்து வந்தாள். வாளியை வைத்துவிட்டுக் கிழக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அதிர்ச்சி.

டிசம்பர் 4, வியாழன்
மழை: 6 மி.மீ. மழைமானியைத் துடைத்து வைத்தேன்.

மழை விட்டுவிட்டது, தண்ணீர் விடவில்லை. அப்படியே நிற்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி
மழை: இல்லை.

டவுனிலிருந்து பெரிய மோட்டார் இரண்டு கொண்டுவந்து வைத்து இறைக்கிறார்கள். மாடிக்கு மாடி பேச்சு நடக்கிறது. வெள்ளத்துக்குக் காரணம் இதுவரை கேட்டவை: சனிப் பெயர்ச்சி. கலியுகம். மூன்றாம் தெருவில் யாரோ வீட்டில் பல்லி தலையில் விழுந்தது. கடைசி நாட்கள் வந்துவிட்டன என்று பக்கத்துத் தெரு கிரேனா டீச்சர் வீட்டுக்கு வந்த போதகர் சொன்னாராம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருநூறு மில்லிமீட்டருக்குமேல் பெய்தால் வெள்ளம் வராமல் வெண்ணெயா வரும்?

இதைப் பிரம்மசக்தியிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பெஞ்சது சரி. வந்தது சரி. மூணு நாளா போவாம நிக்கே, அது எதுக்கு?" என்றாள். அவளுக்கு எதிலும் ஒரு கேள்வி.

டிசம்பர் 6, சனி
மழை: இல்லை.

தண்ணீர் வடிந்து சேறு நிற்கிறது. ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். புதிய காரணம் ஒன்று கிடைத்திருக்கிறது: சுடலைமாட சாமிக்குக் கோபம்.

விவரம் இது. காலனி முகப்பில் சுடலைக்கு ஒரு பீடம் உண்டு. வருடா வருடம் கொடை விழா நடக்கும். ஆவுடையப்பன் சங்கத் தலைவர் மட்டுமல்ல, சாமி வந்து ஆடும் கோமரத்தாடியும் அவர்தான். இந்த வருடக் கொடையில் குழாய் ஒலிபெருக்கி எட்டு கட்டிவிட்டார்கள். ஒன்று நேராக முப்பிடாதி வீட்டு ஜன்னலுக்கு. இரவு டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்க முடியவில்லை என்று அவள் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள், மூன்றாம் முறை போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். அவர்கள் வந்து ஒலிபெருக்கியை அவிழ்த்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர் மைக் இல்லாமல் பாட மாட்டேன் என்று சாமி பிறந்த கதையோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

"சாமி பாதிக் கதையில நிக்கி வே" என்றார் ஆவுடையப்பன். "மீதிக் கதை கேக்காம ஆங்காரத்துல குளத்தை ஒடச்சிட்டு."

"குளம் உடையலை, மறுகால் விழுந்தது. சாமிக்கு மைக் இல்லாட்டி காது கேக்காதா வே?" என்று கேட்டேன்.

"உமக்கு எல்லாத்துலயும் நக்கல்" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

முப்பிடாதியின் நல்ல தண்ணீர்க் குடத்தை யாரோ பொதுக்குழாயடியிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்களாம். "முப்பிடாதின்னு அம்மன் பேரை வச்சுக்கிட்டு சாமியை வெரட்டிட்டா" என்று பேச்சு. ஒரு பெண் நிம்மதியாகத் தூங்க நினைத்ததற்கும் வானம் பொத்துக்கொண்டதற்கும் என்ன சம்பந்தம்? இந்த மூடத்தனத்தைச் சும்மா விடப்போவதில்லை. அறிவியல்பூர்வமாக நிரூபிக்கிறேன். பரணிலிருந்து என் பழைய லெவல் கருவியையும் முக்காலியையும் அளவுப் பட்டையையும் இறக்கிவிட்டேன். சுவர்களில் வெள்ளக் கறை இன்னும் காயவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று அளந்து வரைபடம் போட்டால், தண்ணீர் சரிவைப் பார்த்துப் போகிறதா, பாவத்தைப் பார்த்துப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

டிசம்பர் 8, திங்கள்

அளவு வேலை அமோகம். மேற்கே முதல் தெருவில் இரண்டடி. நடுவில் மூன்றடி. சுடலை பீடம் மூன்றடி ஓரங்குலம் மூழ்கியிருக்கிறது. கோபப்பட்ட சாமி தானே ஏன் முங்கும்? ஆவுடையப்பன் வீட்டில் மூன்றடி இரண்டங்குலம். அதாவது கோமரத்தாடி வீட்டில், குற்றவாளி வீட்டைவிட நான்கு அங்குலம் அதிகம். இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நாளை கிழக்குக் கோடியில் ஷட்டில் கோர்ட்டையும் சுவரையும் அளந்தால் வேலை முடிந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

கிழக்குச் சுவர், கோர்ட் பக்கம்: நான்கடி இரண்டங்குலம்.
அதே சுவர், வயல் பக்கம்: ஏழு அங்குலம்.

லெவல் கருவி பழையது. பரணில் கிடந்து பழுதாகியிருக்கும்.

மாலையில் மறுபடி அளந்தேன். அதே அளவு. கருவியைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டேன்.

வெள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பதிவுக்காக மட்டும் எழுதுகிறேன். கோர்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடை மடைக்குள் புகும் வாய் முன்பு திறந்து கிடந்தது. ஆட்டத்தில் பந்து அதற்குள் விழும். ஒரே மாதத்தில் பதினோரு பந்து போயிற்று. கையைவிட்டு எடுக்கவும் முடியாது, உள்ளே ஓணான் இருந்தது. சென்ற வருடம் ஆவுடையப்பன் சபரிமலைக்குப் போயிருந்த வாரத்தில், கொத்தனாரை வைத்து அந்த வாய்க்குக் கான்கிரீட் பலகை போட்டுச் சிமெண்டால் பூசிவிட்டேன். வந்து பார்த்த அவர், "மூளைக்காரர் வே நீரு" என்றார். அந்த வருடம் மழையே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி சின்ன வாய்தான்.

டிசம்பர் 10, புதன்

காலையில் ஆவுடையப்பன் நான்கு பேரோடு வந்தார். வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில் பீடத்தின் முன்னால் சாமியிடம் குறி கேட்கப் போகிறார்கள். வெள்ளம் யாரால் வந்தது என்று சாமியே சொல்லிவிடுமாம். "சாமி வாயால அந்தப் பொம்பளை பேரு வந்துட்டுன்னா ஊரு சும்மா இருக்காது. அதுக்கு முன்னாடி நீரே காலி பண்ணச் சொல்லிட்டா அவளுக்கும் மரியாதை, உமக்கும் மரியாதை."

இந்த இடத்தில் நான் நிறையப் பேசியிருக்கலாம். என்னிடம் வரைபடம் இருக்கிறது, அளவு இருக்கிறது. தொண்டை கட்டியிருந்ததால் பேசவில்லை.

அவர்கள் போனபிறகு கீழே போனேன். "வேற எங்கயாவது வீடு பாத்துக்கிட்டா நல்லது முப்பிடாதி. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றேன்.

"மார்ச்சுல இவளுக்குப் பரீட்சை அண்ணாச்சி. இந்தச் சேத்துல எங்க போயி வீடு தேட?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சாமி கோவத்துலதான் வெள்ளம் வந்துச்சுன்னு நீங்களும் நம்புதியளா?" என்று கேட்டாள்.

"சே, நான் நம்புவனா? ஊரு நம்புது" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்
மழை: இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு. பிரம்மசக்தி இஞ்சிக் கசாயம் போட்டுக் கொடுத்தாள். "இது வயித்துல இல்ல, வேற எங்கயோ அடைச்சிருக்கு" என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நாளைக்குச் சாமி முப்பிடாதி பேரைச் சொல்லிவிட்டால் என் பேர் வெளியே வராது. இரண்டு நாளாக இதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அளவுகோலைப் பிடித்தவன், சுடலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் பார்க்கிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

உச்சி வெயிலில் காலனியே பீடத்தின் முன்னால் நின்றது. முப்பிடாதியும் மகளோடு வந்து ஓரமாக நின்றாள். வரவேண்டாம் என்று பிரம்மசக்தி சொல்லியும், "என்னைப் பத்திப் பேசப்போறாவ, நான் இல்லாம எப்படி?" என்று வந்துவிட்டாள். மேளக்காரர்கள் இரண்டே பேர், ஆனால் இருபது பேர் சத்தம். ஆவுடையப்பன் இடுப்பில் மணி கட்டிய சல்லடம், கையில் வல்லயக் கம்போடு நின்றார். கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறி ஆட ஆரம்பித்தார்.

பூசாரி கேட்டார்: "ஊருக்குள்ள வெள்ளம் வந்துருக்கே, சாமி! யாரு செஞ்ச குத்தம்? பேரைச் சொல்லு!"

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் கதையைப் பாதியில நிப்பாட்டுனவ..." என்று கம்பை நீட்டிக்கொண்டே திரும்பினார். கம்பு முப்பிடாதி நிற்கிற பக்கம் வந்துகொண்டிருந்தது. நிவேதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் கால் நடுங்கியது. பயம்தான், வேறொன்றுமில்லை. பயத்தில் நடுங்கி, நடுக்கத்தில் பக்கத்தில் இருந்தவர் மேல் இடித்து, எப்படியோ கூட்டத்தின் நடுவில் வந்து நிற்கிறேன். தொண்டையிலிருந்து எனக்கே பழக்கமில்லாத ஒரு சத்தம் வந்தது: "நிறுத்துங்க! அவ இல்ல! மடையை அடைச்சது நான்!"

மேளக்காரர்கள் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக அடித்தார்கள். மேளச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்ததால் நானும் கத்தினேன். கத்தக் கத்த உடம்பு உதறியது. "சுவத்துக்கு இந்தப் பக்கம் நாலடி ரெண்டங்குலம்! அந்தப் பக்கம் ஏழங்குலம்! தண்ணி போற வழியை அடைச்சாச்சு! கோர்ட்டு ஓரத்துல! உடைச்சுப் பாருங்க!"

கூட்டத்தில் ஒரு கிழவி குலவையிட்டாள். "சொடலை சர்வேயர் மேல எறங்கிட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். "அளவு சொல்லுது! சாமி அங்குலத்தோட சொல்லுது!"

"சாமி இல்ல! நான்தான் குத்தாலிங்கம்!" என்றேன்.

"சாமி எப்பவும் மொதல்ல அப்படித்தான் சொல்லும்" என்றார் பூசாரி. ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கொட்டினார்கள். நெற்றியிலும் வாயிலும் திருநீறு. திருநீறு வாய்க்குள் போனதால் இருமினேன். இருமினதும் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பத்து வருடமாக என்னோடு பேசாத முதல் தெரு பொன்னுலிங்கம் என் காலில் விழுந்தார்.

ஆவுடையப்பனுக்கு ஆட்டம் அந்த நிமிடமே நின்றுவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "இருவத்தேழு வருசமா எனக்கு வருது" என்றார் பூசாரியிடம், மெதுவாக, மனது வலித்த குரலில். "ஒருநாளாவது இப்படி அளவோட வந்துருக்கா?"

அடுத்த அரை மணி நேரத்தில் இளவட்டங்கள் கடப்பாறையோடு போய் கோர்ட்டின் ஓரத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பலகையைத் தூக்கியதும், மூடிபோட்ட ஓடைக்குள் ஒரு வாரமாக நின்ற தண்ணீரெல்லாம் சளசளவென்று வயலுக்குப் போயிற்று. அதைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. சாமி சொன்னது பலித்துவிட்டதாம்.

முப்பிடாதியைக் காலி பண்ணச் சொல்லி இனி யாரும் கேட்க முடியாது. சாமியே "அவ இல்ல" என்று சொல்லிவிட்டது.

டிசம்பர் 13, சனி
மழை: இல்லை. மழைமானியின்மேல் யாரோ பூ வைத்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து வாசலில் எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள். மகனுக்கு வேலை எப்போது, மருமகளுக்குப் பிள்ளை எப்போது, போர் எந்த இடத்தில் போட்டால் தண்ணீர் வரும். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்ததால் சொன்னேன். பதில் சொன்னதே தப்பாய்ப் போயிற்று. கூட்டம் இரண்டு மடங்காயிற்று. பிரம்மசக்தி வாசலில் நின்று, "சாமி இப்ப மலை ஏறியாச்சு, இட்லி சாப்பிடுதாவ, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தாள். அவளுக்குச் சிரிப்பு.

மாலையில் சங்கக் கூட்டம். செயலாளர் என்ற முறையில் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: "செயலாளர் தன்னிச்சையாக மடையை அடைத்ததே வெள்ளம் வடியாததற்குக் காரணம். செயலாளர் வருத்தம் தெரிவித்துப் பதவி விலகுகிறார்." ஆவுடையப்பன் வாங்கிப் படித்தார். பேனாவால் குறுக்கே கோடு போட்டார். "சாமி உத்தரவுப்படி மடை திறக்கப்பட்டது" என்று தன் கையால் எழுதினார்.

"வே, அடைச்சது நான்தானே? உமக்கே தெரியும்லா?" என்றேன்.

"உம்ம கையால அடைக்க வச்சதும் அவன்தான், உம்ம வாயால தொறக்க வச்சதும் அவன்தான். நடுவுல நீரு யாரு?" என்றார். "சும்மா எல்லாத்தையும் உம்ம பேருல எழுதிக்கிடாதேயும்."

குற்றத்தை ஒப்புக்கொண்டு நிற்கிற ஒருவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் அவன் என்ன செய்வான்? இருபத்து மூன்று வீட்டில் கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் போயிருக்கிறது. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. கும்பிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு
மழை: இல்லை.

முப்பிடாதி வாசலில் கயிறு கட்டி, நிவேதாவின் நோட்டுகளை ஒவ்வொரு தாளாக விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போனேன். அவளாவது நம்ப வேண்டும் என்றிருந்தது.

"முப்பிடாதி, அன்னைக்கு எனக்குச் சாமி ஒண்ணும் வரலை. நான்தான் பேசினேன். மடையை அடைச்சதும் நான்தான்."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள், தாளை விரித்துக்கொண்டே.

"வெள்ளிக்கிழமை நான் கத்தினப்பவா?"

"இல்ல. வெள்ளத்தன்னைக்கே. ரோடு மூழ்கிட்டுன்னு டூட்டி முடிஞ்சு வயக்காட்டு வழியா நடந்து வந்தேன். வயல்ல கணுக்காலுக்குத்தான் தண்ணி. சுவரேறி இந்தப் பக்கம் குதிச்சா நெஞ்சு மட்டம். போன வருசம் அந்த வாயை நீங்க கொத்தனாரை வச்சுப் பூசினதைப் பாத்தவதானே நான். இருவது வருசமா நர்ஸு வேலை பாக்கேன், எங்க அடைச்சிருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரியாதா?"

"பிறகு ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நான் சொன்னா யாரு கேப்பா? சாமிக்கே ஆகாதவ, குடியிருக்கிற வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கான்னுவாவ." கடைசித் தாளைக் கயிற்றில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "நீங்க அளக்கப் போனப்ப, இனி சொல்லிருவியன்னு நெனச்சேன். புதன்கிழமை படி எறங்கி வந்தியளே, அதைச் சொல்லத்தான் வாறியன்னு நெனச்சு நாற்காலி எடுத்துப் போட்டேன். நீங்க உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டுப் போயிட்டிய."

நாற்காலி போட்டாளா? இதை எழுதும்போது அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் நாற்காலி இல்லை. தொண்டை கட்டியிருந்ததாக மட்டும் எழுதியிருக்கிறேன்.

வாசலில் நின்று அழுதேன். அறுபத்து நாலு வயதில் தெருவில் நின்று அழுதேன். எலுமிச்சம்பழத்தோடு வந்துகொண்டிருந்த இரண்டு பேர் தூரத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏ, போங்க அந்தப் பக்கம். சாமியும் இல்ல, பூதமும் இல்ல" என்று முப்பிடாதி அவர்களை விரட்டினாள். பிறகு உள்ளே போய், சேறு கழுவிய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்கார்ந்தேன்.

"ம், இப்ப சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.